அக்கறையான பையன்

என் மகள் பிளஸ் டூ படித்த வருடம் அவளை ஒருவன் ஆட்டிப் படைத்தான். அவனுக்கு வேவு பார்த்துச் சொன்னது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எழுதிக்கொண்டே போகும்போது என்னை நானே நல்லவளாக்கிக் கொள்வேன். அந்தத் திறமை எனக்கு நிறையவே உண்டு.

நான் மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். வீடு பரவையில், மார்க்கெட்டுக்குப் பின்னால். இருபத்திரண்டு வருட சர்வீஸில் எனக்கு ஒரு பெயர் உண்டு. யாருக்குக் காதல் வந்தாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் மடித்து வைத்த காகிதம், உள்ளங்கையில் பேனாவால் எழுதிய ஒற்றை எழுத்து, திடீரென்று பத்து நிமிடம் பிந்தி வரும் பிள்ளை, எதையும் விடமாட்டேன். பிடித்தவுடன் அப்பா அம்மாவை வரவழைப்பேன். அதில் பாதிப் பேர் அடுத்த வாரமே பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்கள். இரண்டு பேருக்கு அந்த வைகாசியிலேயே கல்யாணம் ஆனது. டீச்சரிடம் மாட்டினால் படிப்பு போச்சு என்று எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். என் மகளும் அங்கேதான் படித்தாள். மற்றவர்களைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவன் எங்கள் சபைப் பையன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிப்பான். அவன் அம்மா வேறொரு பள்ளியில் கிளார்க். எங்களைப் போன்ற குடும்பங்களில் ஒரு பையனைப் பற்றிக் கேட்கிற கேள்விகள் கொஞ்சம்தான். நம்ம சபையா, நம்ம ஆட்களா, குடிப்பானா, ஒழுங்காகப் படிக்கிறானா. நாலுக்கும் சரியான பதில் வந்துவிட்டால் ஐந்தாவதாகக் கேட்க எங்களுக்கு ஒன்றும் தோன்றாது. பள்ளியில் காதலை வேட்டையாடிக்கொண்டிருந்த நான், என் வீட்டில் அது நாலு பதிலோடு வந்து நின்றபோது வழிவிட்டேன். இரண்டு அம்மாக்களும் ஆராதனை முடிந்து வாசலில் நின்று, ரெண்டும் படிச்சு முடிக்கட்டும், பெறகு பாப்போம் என்று பேசிக்கொண்டோம். என் கணவருக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் தேனியில் பேங்க் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் காலையில் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடக்கும். எங்கள் வீட்டு முறை வந்தபோது அவன் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். வாசித்தான், பாடினான், டீ குடித்தான். குடித்த தம்ளரை எடுத்துப் போய் அவனே கழுவிக் கவிழ்த்து வைத்தான். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு தம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எனக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. "ஆண்ட்டி, பஸ் ஏறிட்டாளா?" "ஆண்ட்டி, கோச்சிங் விட்டாச்சா?" "ஆண்ட்டி, மழை வர்ற மாதிரி இருக்கு, அவ குடை எடுத்துட்டுப் போனாளா?" பாடம் முடிந்துவிட்டதால் பள்ளியில் பிளஸ் டூவை மதியத்தோடு விட்டுவிடுவோம், அதற்குப் பிறகு அவள் ஆரப்பாளையத்தில் நீட் கோச்சிங் போய்க்கொண்டிருந்தாள். நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவேன். மூணு மணிக்கு விட்டாச்சு தம்பி. இன்னிக்கு ரெண்டு பிரண்ட்ஸோட போயிருக்கா தம்பி. இருபத்திரண்டு வருடமாக வருகைப்பதிவு எடுத்தே பழகிய ஒருத்திக்கு, வருகைப்பதிவு எடுக்கிற பையனைப் பிடிக்காமல் போகுமா. பக்கத்து நாற்காலி டீச்சரிடம் போனைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒருநாள் அவளுடைய தோழி குடும்பத்தோடு சென்னைக்குக் குடிபோனாள். வழியனுப்ப நாலைந்து பிள்ளைகள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். ஒரு பிள்ளையின் அண்ணன் காரில் கூட்டிப்போனான். நம்ம சபைப் பையன் அதையும் மெசேஜில் கேட்டான். காரில் யார் யார், எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம் என்பது வரைக்கும் சொன்னேன்.

அந்த மாதங்களில் என் மகளிடம் நடந்த ஒவ்வொரு மாற்றமும் என் கண்ணில் பட்டது. பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். த்ரோபால் டீமிலிருந்து விலகினாள். வாட்ஸப்பில் இருந்த தன் படத்தை எடுத்துவிட்டு ஒரு ரோஜாப்பூவை வைத்தாள். சாப்பிடும்போது போனைச் சொம்பில் சாய்த்து நிமிர்த்தி வைத்துக்கொள்வாள், அதில் வீடியோ கால் ஓடும், யாரும் பேசமாட்டார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றால் தன்னையும் பின்னால் தெரியும் போர்டையும் சேர்த்துப் படம் எடுப்பாள். பங்குனி வெயிலில் முழுக்கைச் சுடிதார். எதற்கெடுத்தாலும் சாரி. தண்ணீர் தம்ளர் கை தவறி விழுந்தால் அதற்கும் சாரி, யாரிடம் சொல்கிறாள் என்றே தெரியாது. இத்தனைக்கும் நான் வைத்திருந்த ஒரே பெயர் காதல். அந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்று உள்ளூரச் சிரித்துக்கொள்ளக்கூடச் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவள் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜ் மேல் இருந்த அவள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஏழெட்டு முறை ஆனதும் யாருக்கோ என்னவோ என்று பயந்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். ஹலோ சொல்ல வாய் திறக்குமுன் அந்தப் பக்கம் ஆரம்பித்துவிட்டது.

"எடுக்க இம்புட்டு நேரமாடி? எவன் கூட இருக்க?"

ராங் நம்பர் என்று நினைத்தேன். காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். அவன் பெயர்தான். திரும்பக் காதில் வைத்தேன்.

"வாயில என்ன வச்சுருக்க? நேத்து மூணு மணிக்கே கோச்சிங் விட்டாச்சு. உங்கம்மாதான் எனக்கு மெசேஜ் போட்டுச்சு. நீ மூணே முக்காலுக்குத்தான் பஸ் ஏறிருக்க. நடுவுல முக்கா மணி நேரம் எங்க போன? சொல்லமாட்ட. சரி, பத்து எண்ணுறேன். அதுக்குள்ள வீடியோ கால்ல வந்து வீட்டச் சுத்திக் காட்டு. இல்ல, மாட்டுத்தாவணில வாங்கினது பத்தலையா ஒனக்கு? ஒண்ணு. ரெண்டு."

கத்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆராதனையில் பாட்டு எண்ணை அறிவிக்கிற அதே அமைதியான குரலில் எண்ணினான். ஆறு வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் முடியவில்லை.

"தம்பி, நான் அம்மா பேசுறேன்."

ஒரு நொடிகூட ஆகவில்லை. "ஸ்தோத்திரம் ஆண்ட்டி. சாப்டீங்களா? சும்மா வெளாட்டுக்கு மிரட்டிக்கிட்டு இருந்தேன் ஆண்ட்டி. அவ எடுக்கலைன்னதும் பயந்துட்டேன்."

திணறியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். திணறவே இல்லை. ஒரு சட்டையைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிற நேரம்கூட அவனுக்குத் தேவைப்படவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா. "சரிப்பா" என்றேன். இன்றுவரை அந்த "சரிப்பா"வை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில்லாத நைட்டியோடு வெளியே வந்தாள். கையில் போனோடு என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தோளுக்குக் கீழே, கையின் வெளிப்பக்கம், வரிசையாக நாலு தடம். ரத்தம் கட்டினால் முதலில் நீலமாகும், பிறகு பச்சை, பிறகு மஞ்சள் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறவள் நான். அவை மஞ்சளாகிக்கொண்டிருந்தன. எட்டுப் பத்து நாள் இருக்கும். பத்து நாளுக்கு முன்னால்தான் பிள்ளைகள் மாட்டுத்தாவணி போனார்கள். எந்த பிளாட்பாரம் என்று சொன்னவள் நான்.

அப்போதாவது பிள்ளையைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். நான் கத்தினேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? நான் ஒருத்தி எதுக்குடி இருக்கேன்?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "சொன்னேன்மா. ரெண்டு தடவ சொன்னேன்."

முதல் தடவை நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தபோதாம். அவன் ரொம்பக் கேள்வி கேக்குறான்மா, எனக்கு மூச்சு முட்டுது என்றாளாம். நான் தலை நிமிராமல், ஒங்கப்பா எனக்கு ஒரு நாளாச்சும் சாப்பிட்டியான்னு போன் பண்ணிருக்காரா, நீ குடுத்து வச்சவ என்றேனாம். இரண்டாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை. ஜெபக்கூட்டத்துக்கு நான் வரல, அவன் மூஞ்சில முழிக்க முடியாது என்றாளாம். சபைக்கு முன்னால் மானத்தை வாங்காதே என்று நான் இழுத்துக்கொண்டு போனேனாம். அதுவரை இரண்டும் எனக்கு நினைவில் இல்லை. அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவள் அன்றைக்குப் போட்டிருந்த சுடிதாரின் நிறம் உட்பட.

வெண்டைக்காய் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மிச்சத்தைச் சொன்னாள். முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தானாம். பிறகு ஒவ்வொரு தோழியாகக் கழித்துக்கட்டினான். எவள் கெட்டவள், எவள் பார்வை சரியில்லை என்று அவனே சொல்வான். பஸ்ஸில் எந்த ஸீட் என்று படம் அனுப்ப வேண்டும். அனுப்பாத நாளில் மூன்று நாள் பேசமாட்டான், பிறகு செத்துப்போகிறேன் என்று மெசேஜ் போடுவான், இவள் சாரி சொல்லிக் கெஞ்சுவாள். மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பிய பிறகு ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்து நிறுத்திக் கையை முறுக்கினான். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

"யார்ட்ட வேணா போய்ச் சொல்லு, ஒங்கம்மாவே என் பக்கம்தான்னு சொல்வான்," என்றாள். "எனக்கும் அப்படித்தான்மா இருந்துச்சு."



அப்பாவிடம் சொல்லாதே, படிப்பை நிப்பாட்டிருவாரு என்று கெஞ்சினாள். சாயங்காலம் அவர் தேனியிலிருந்து வந்ததும் நான் சொன்னேன். அவர் முதலில் அவன் கையை முறிக்கக் கிளம்பினார். செருப்பு மாட்டுவதற்குள் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. போனை வாங்கி வை. கோச்சிங் வேண்டாம். பரீட்சை வரைக்கும் வெளியே எங்கேயும் போகக் கூடாது, வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்றார்.

"அவனும் இதத்தான்பா சொன்னான்," என்றாள் மகள்.

அவர் செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு போனைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வாரம் லீவு போட்டு அவரே அவளைக் கோச்சிங்குக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தார். மனிதரிடம் நான் எதிர்பார்க்காதது அது.

நானும் மகளும் அவனுடைய நம்பரை பிளாக் பண்ணினோம். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் எங்கள் வீட்டுக்கே வந்தான். கூட அவன் அம்மா, எங்கள் பாஸ்டர். பாஸ்டர் நல்ல மனிதர். சபையில் இரண்டு குடும்பத்துக்குள் மனக்கசப்பு என்றால் இரு பக்கத்தையும் ஒரே வீட்டில் உட்காரவைத்து ஜெபம் பண்ணுவார். தப்புப் பண்ணியவர் மன்னிப்புக் கேட்பார், மற்றவர் மன்னித்தேன் என்பார். பிறகு எல்லோரும் டீ குடிப்போம். டீ குடித்தாகிவிட்டால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பேசுகிறவர்தான் குற்றவாளி. எத்தனையோ வரப்புச் சண்டை, மாமியார் சண்டை இப்படித் தீர்ந்திருக்கிறது. என் வகுப்பில் பிள்ளைகள் சண்டை போட்டாலும் நான் இதையேதான் செய்வேன், டீ மட்டும் கிடையாது.

ஜெபம் முடிந்தது. என் கணவர் தலை குனிந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவன் கைகூப்பி அழுதான். அவள் மேல் உள்ள பாசத்தில் புத்தி கெட்டுப்போனேன் என்றான். கண்ணீர் உண்மையாகவே வடிந்தது. அவன் அம்மா மகனின் போனை வாங்கி பாஸ்டரிடம் நீட்டினாள்.

"எம்புட்டு அக்கறையா இருந்தான்னு டீச்சரே எழுதிருக்காங்க, படிச்சுப் பாருங்க. ஒன்ன மாதிரி பையன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் தம்பின்னு போட்டுருக்காங்க. இப்ப என்னமோ எம்புள்ள அரக்கன் மாதிரி பேசுறாங்க. சின்னஞ்சிறுசுக, ஏதோ கோவத்துல கையப் பிடிச்சுட்டான்."

நான் எழுதியதுதான். கடைசியில் இரண்டு கைகூப்பும் படம் வேறு போட்டிருந்தேன்.  இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவன் அழுததைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ இளகியது. சின்னப் பையன்தானே, திருந்திவிடுவானே என்று ஒரு நினைப்பு ஓடியது. எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

பின்னாலேயே மகள் வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மா, டீ போடுறியா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பால் அடுப்பில் இருந்தது. ஆறு தம்ளர் வரிசையாக வைத்திருந்தேன். யாரும் போடச் சொல்லவில்லை. ஆட்கள் வந்தால் என் கை தானாகச் செய்கிற வேலை. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. இந்த வீட்டில் இனி யாரிடம் சொல்வது என்று கணக்குப் போடுகிற முகம் அது. இன்றைக்கு ஒரு தம்ளர் டீ வெளியே போனால் இவள் என்னிடம் மூன்றாவது தடவை எதையும் சொல்லப்போவதில்லை என்று எனக்குப் புரிந்தது. அடுப்பை அணைத்தேன். 

கூடத்துக்கு வந்து, "பாஸ்டர், இன்னிக்கு டீ கிடையாது," என்றேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் அப்படிச் சொல்வது வெளியே போ என்பதற்குச் சமம். பாஸ்டர் முகம் சுண்டிப்போனது. மன்னிக்கிற மனசு வேணும்மா என்றார். என் மகள் எனக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றாள்.

"மன்னிச்சேன்னு சொல்லணும்னா சொல்லிர்றேன் பாஸ்டர். ஆனா இவன் இனிமே நான் இருக்க எடத்துக்கு வரக் கூடாது. வந்தா நாங்க மகளிர் ஸ்டேஷனுக்குப் போவோம். அம்மாவும் வரும்."

என்னைக் கேட்காமலேயே சொன்னாள். "வருவேன்," என்றேன்.

அவன் அழுகை நின்றது. கன்னத்தில் ஈரம் இருக்கும்போதே முகம் மாறியது. என் மகளை மட்டும் பார்த்து, மெதுவாக, "எத்தன நாளைக்குன்னு பாப்போம்," என்றான். பாஸ்டருக்கு அது கேட்டது. அவர் பைபிளை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வா போகலாம் என்று அவனை எழுப்பினார். அவன் அம்மா மட்டும் வாசலில் நின்று என்னைச் சபித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஆனால் ஜெயித்துவிட்டோம் என்று நான் சொல்லமாட்டேன். நீட்டில் அவளுக்கு மார்க் வரவில்லை. ஒரு பையனின் பெயரைக் கெடுத்தவர்கள் என்று சபையில் எங்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். இரண்டு மாதத்தில் டவுனுக்குள் வேறு சபைக்கு மாறினோம். அவன் இன்னும் பழைய சபையில் கீபோர்டு வாசிக்கிறான்.

பள்ளியில் நான் இப்போது யாருடைய அப்பா அம்மாவையும் வரவழைப்பதில்லை. காகிதம் சிக்கினால் அந்தப் பிள்ளையைத் தனியாக லேபுக்குக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்பேன். அவனிடம் ஒரு நாள் பேசாமல் இருந்தால் என்ன ஆகும். சில பிள்ளைகள் வெட்கப்பட்டுச் சிரிக்கும். ஒரு பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதது. இதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் என்று ஹெச்எம் கேட்கிறார். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

மகள் கோயம்புத்தூரில் பிசியோதெரபி படிக்கிறாள், ஹாஸ்டலில். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று நான் கேட்பதில்லை. கேட்கிற உரிமையை நானே தொலைத்துவிட்டேன். அவளாகச் சொல்வதும் இல்லை. வாரம் ஒருமுறை பேசுவாள், நல்லாருக்கேன்மா, பரீட்சை இருக்கு, வச்சுர்றேன். மரியாதையாகப் பேசுவாள். முன்பெல்லாம் என்னோடு சண்டை போடுவாள்.

போன லீவு முடிந்து அவளை பஸ் ஏற்றிவிட ஆரப்பாளையம் போயிருந்தேன். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஸீட் கிடைத்தது. நான் கீழே நின்றேன். டிரைவர் இன்னும் வரவில்லை. பேச ஒன்றும் இல்லாததால்தானோ என்னவோ, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"பாப்பா, அன்னைக்குப் பாஸ்டர்ட்ட சொன்னியே. நெசமாவே அவன மன்னிச்சுட்டியா?"

அவள் முன் ஸீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன மன்னிச்சுட்டேன்மா. அவன் எனக்கு யாரோதான," என்றாள்.

என்னைப் பற்றிய அடுத்த கேள்வியைக் கேட்க ஜன்னலுக்குப் பக்கத்தில் போனேன். டிரைவர் ஏறி வண்டியை எடுத்தார். வாரேன்மா என்று கையசைத்தாள். நான் கேட்கவில்லை.